சித்தியை விசாரித்தவர்

மார்ச் 4, புதன்

வாயாடிக்கு,

காலையில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. இனிமேல் முக்கியமான எதையும் போனில் பேசாதே. எழுத வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு. என்னிடம் நெடுநாளாக வேலை செய்கிறவர், பயமில்லை.

ஏன் என்று கேட்காதே. நீயும் வக்கீல். காரணத்தைச் சொல்ல முடியாத இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அது எப்படிப்பட்ட காரணமாக இருக்கும் என்று நீயே யோசி. சித்தியைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடு. கூப்பிடாமல் விட்டால்தான் வித்தியாசமாகத் தெரியும். முழங்கால் வலி, சீரியல், பக்கத்து வீட்டுக்காரி என்று எப்போதும் பேசுகிறதையே பேசு.

அக்கா

*

மார்ச் 5, வியாழன்

மாண்புமிகு தொலைத்தொடர்பு அமைச்சர் அவர்களுக்கு,

மலை உச்சி, நடுத்தீவு என்று ஒரு இடம் விடாமல் டவர் நட்டு வைத்த மகராசி, சொந்தத் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்ல அரை நாள் கார் ஓட்டி ஆள் அனுப்புகிறாய். நம் பழைய வக்கீல் அறையில் இதைப் பிரித்துப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். குமாஸ்தா அண்ணன்கூட எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் படித்தேன். சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அக்கா, வெளிப்படையாகவே கேட்கிறேன். உன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவை எதிர்த்து நான் மனுப் போட்டதிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை பாதியாகிவிட்டது. ‘அக்கா சட்டம், தங்கை வழக்கு’ என்று பத்திரிகைக்காரர்கள் படம் போட்ட நாளில் நீ அழுதாய் என்று அம்மா சொன்னாள். நானும்தான் அழுதேன். ஆனால் வழக்கு வழக்குதான். அந்த வழக்கில் என் கையில் இருப்பது ஒரே ஒரு சாட்சி. இப்போது நீ ‘சித்தி’ பேச்சை எடுக்காதே என்கிறாய். இது அக்கா சொல்லும் அறிவுரையா, எதிர்த்தரப்பு சொல்லும் அறிவுரையா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்றைக்குப் போனில் ‘சித்திக்கு உடம்பு சரியில்லை, இந்த மாதம் யாரையும் பார்க்க அனுப்பாதே’ என்று நான் சொன்னது எதற்கு என்று உனக்குப் புரிந்தது. சித்தி வீட்டை விற்க நீ வைத்த தரகர் அந்த வீட்டைக் காட்ட யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. அதற்கு நன்றி. உள்ளே இருப்பது யார் என்று மட்டும் கேட்காதே, சொல்ல மாட்டேன். அவர் அங்கேயே இருப்பார். காரணம் தெரியாமல் அவரை இடம் மாற்றினால் பயந்து ஓடிவிடுவார். ஏற்கெனவே ஜன்னலைத் திறக்கவே பயப்படுகிற மனிதர்.

என்ன நடந்தது என்று எழுது. நம் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை இருந்த காலத்தில் உன் வரைவு ஒவ்வொன்றையும் நான் எதிரியாக உட்கார்ந்து படிப்பேனே, அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடிதத்தையும் படித்தேன். இதில் ஓட்டையே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயந்துபோனவள் இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டாள்.

தங்கை

*

மார்ச் 6, வெள்ளி

வாயாடி,

நீ பிடித்துவிட்டாய். அந்தக் கடிதத்தை நாலு தரம் கிழித்துப் போட்டு எழுதினேன். பதினேழாம் பிரிவை மீறாமல் உன்னை எப்படி எச்சரிப்பது என்றுதான் காலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். எச்சரிப்பதைவிட மீறாமல் இருப்பதில்தான் என் புத்தி போயிருக்கிறது பார். இந்தக் கடிதம் அப்படி இல்லை. இதை எழுதுவதே குற்றம், ஒட்டுக்கேட்பு ஆணையைப் பற்றி வெளியே சொன்னால் ஐந்து வருடம் சிறை. அந்த வரியைச் சேர்த்ததும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை அமைச்சரவைக் குழு கூடியது. இடையில் தேநீர் கொண்டுவந்தார்கள். உள்துறைச் செயலாளர் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவான மனிதர், யாரிடமும் அதட்டிப் பேசிப் பார்த்ததில்லை. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

“மேடம், உங்க சித்தி எப்படி இருக்காங்க? உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன்.”

சித்தி இறந்து எத்தனை வருடம் ஆகிறது. நாம் இரண்டு பேரும்தானே கூட நின்று எல்லாம் செய்தோம். அவரை முறைத்து, எந்தச் சித்தி என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இப்ப பரவால்ல சார்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எத்தனை சாட்சிகளுக்கு, கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே என்று பாடம் எடுத்திருப்பேன். அவர் தலையை ஆட்டி, நல்லா பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். செத்துப்போனவள் நலமாக இருக்கிறாள் என்று நானே சாட்சி சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் யாரோ இருப்பது எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாம் போனில் பேசியதை அவர் கேட்டிருக்கிறார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அன்று கையெழுத்துப் போடுகிற வேலை எல்லாவற்றையும் மறுநாளைக்குத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் நீ கூப்பிட்டாய். போனை வைத்த பிறகு, வாயாடி என்று உன்னைப் பதிந்து வைத்திருக்கிறேனே, அதைத் திறந்து அதிலிருந்த எண்ணைப் படித்தேன். உன் எண் என்ன என்று அதற்கு முன் நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்? ஒட்டுக்கேட்பு ஆணைகள் இருக்கும் கோப்பை வரவழைத்துப் புரட்டினேன். இருந்தது. நீ மனுப் போட்ட மறு வாரத் தேதி. கீழே என் கையெழுத்து, பச்சை மையில்.

ஆணையில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் நான் எவ்வளவு நேரம் வாதாடினேன். எந்த அமைச்சரும் வேண்டாதவன் பெயரைப் பார்த்துப் பழிவாங்கக் கூடாது, வேண்டியவன் பெயரைப் பார்த்துக் காப்பாற்றக் கூடாது என்றேன். மேஜையைத் தட்டினார்கள். தினமும் காலையில் ஒரு கட்டு வரும், எண் எண்ணாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அதில் உன்னையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கேள். அவரை அங்கிருந்து கிளப்பு. ஆனால் ஞாயிறு மதியம் அம்மாவிடம் பேசி முடிக்கிற வரைக்கும் நீ அசைய வேண்டாம். உன் போன் எங்கே போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பேசி முடித்ததும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

அக்கா

*

மார்ச் 9, திங்கள்

அக்கா,

பதில் வாங்க உன் ஓட்டுநர் திரும்ப வரவில்லை. அதனால் குமாஸ்தா அண்ணனை ரயிலில் அனுப்புகிறேன். மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் நின்று உன் கையில் கோப்பாகக் கொடுப்பார். இத்தனை வருடமாக நீதிமன்ற வராந்தாவில் நின்று பழகியவர், எவ்வளவு நேரமானாலும் நிற்பார்.

நேற்று மதியம் நீ சொன்னபடியே கூப்பிட்டேன். அம்மா முழங்காலைப் பற்றிச் சொன்னாள். நீ குறுக்கே புகுந்து, நடக்கச் சொன்னால் நடப்பதே இல்லை என்று திட்டினாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். காதில் மாட்டிக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தனும் அம்மா பேச்சைக் கேட்டுச் சிரித்திருப்பான். அதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. குளிக்க வேண்டும்போல இருந்தது.

போனை மேஜையில் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போனேன். இரண்டு பஸ் மாறினேன். சித்தி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே எதுவும் உடைந்து கிடக்கவில்லை. சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி ஒழுங்காக மேஜைக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தது. பாயில் தலையணைக்குப் பக்கத்தில் அவருடைய கண்ணாடி இருந்தது. அக்கா, அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. தானாகப் போகிறவர் அதை விட்டுவிட்டுப் போவாரா?

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் ஒரு போன் கம்பெனியில் பொறியாளர். உன் ஆணைகள் எந்த அறைக்குப் போய்ச் சேருமோ, அந்த அறையில் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கிறவர். நீ கையெழுத்துப் போட்ட எண்களோடு சேர்த்து, கையெழுத்தே இல்லாத எண்களையும் மாட்டச் சொன்னார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்ல வந்தவர். அந்த எண்களில் நீதிபதிகள் இருக்கிறார்கள் என்றார். எனக்கே நம்பப் பயமாக இருந்தது.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. புதன்கிழமைக் கடிதத்திலேயே நீ இதைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவரை நகர்த்தியிருப்பேன். நீ உன் சட்டத்துக்குப் பயந்து வார்த்தையை அளந்து எழுதினாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டு, வியாழக்கிழமை உட்கார்ந்து உனக்கு வக்கணையாகப் பதில் எழுதினேன். நாம் இரண்டு பேரும் வக்கீல்தனம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவரைக் கண்டுபிடித்துக் கொடு. உன்னால் முடியும்.

தங்கை

*

மார்ச் 11, புதன்

வாயாடி,

முடியவில்லை.

குமாஸ்தா அண்ணன் கோப்பை நீட்டியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காருங்கம்மா என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

நேற்று செயலாளரை என் அறைக்கு வரச் சொன்னேன். ஒரு கம்பெனிப் பொறியாளரைக் காணோமாம், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று பட்டும் படாமலும் கேட்டேன். எந்தப் பொறியாளர் என்று கேட்டுவிட்டு, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். பெயர் எனக்குத் தெரியாது. நீ சொல்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“உங்க சித்தியைப் பத்தி நான் வெளியில எதுவும் பேசல மேடம். நீங்களும் பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது.”

அதைக் குரலைத் தாழ்த்தி மரியாதையாகத்தான் சொன்னார்.

என் ஓட்டுநரை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. புதிதாக வந்திருப்பவர் கார் கண்ணாடியில் சாலையைவிட என்னைத்தான் அதிகம் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் போனைப் போர்வைக்குள் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். அமைச்சர் செய்கிற வேலையா இது? ஏன்டி இப்படிப் பண்ற என்று அம்மா கேட்டாள். போன் சூடாகிறது என்று ஒரு பொய் சொன்னேன். அவளிடமும் சத்தம் குறைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன். நாளைக்கு அவளை ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று வேறு பயம்.

ராஜினாமா செய்துவிடலாம் என்று எழுதிப் பார்த்தேன். நான் போனால் அந்த நாற்காலியில் யார் வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் எண்ணைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இப்படிச் சொல்லித்தான் ஒவ்வொருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோமோ என்றும் தோன்றுகிறது. யாரோ போன் வயரை அறுத்துப் போட, தவித்து நின்ற ஒரு விதவைக்காக முதல் முதலில் வழக்காடினேனே, அன்றிலிருந்து இன்றுவரை, யாருக்கும் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். கமிட்டி, தேர்தல், அமைச்சர் பதவி எல்லாமே அதற்காகத்தான். இன்றைக்கு என் வீட்டில் பேச்சு இல்லை.

உன்னிடம் இருக்கும் என் கடிதங்களை எரித்துவிடு. இதையும் சேர்த்து எரித்துவிடு. ஆறாம் தேதி எழுதியது ஒன்றே போதும், என்னை உள்ளே தள்ள. தயவுசெய்து செய். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 16, திங்கள்

அக்கா,

எரித்துவிட்டேன். கை கழுவுகிற தொட்டியில் வைத்து, சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். நிம்மதியாக இரு.

வெள்ளிக்கிழமை ஆள்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தது. பொறியாளரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். அரசு வக்கீல் எழுந்து, அப்படி ஒருவரை யாரும் பிடிக்கவில்லை என்றார். உங்க சாட்சி ஒளிஞ்சிருந்த இடம் அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி என்னைக் கேட்டார். என் போனைக் கேட்டார்கள் என்றேன். ஆணை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே சட்டம் அனுமதிக்காது என்று அரசு வக்கீல் பதினேழாம் பிரிவை வாசித்துக் காட்டினார். உன் வரிகள் அக்கா. நீ எப்படி நிறுத்தி வாசிப்பாயோ, அந்த இடத்தில்கூட அவர் சரியாக நிறுத்தினார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒட்டுக்கேட்டாங்கன்னு காட்ட ஒரு காகிதமாவது கொண்டு வாங்க. இல்லன்னா இது உங்க கற்பனைன்னுதான் நான் எடுத்துக்க முடியும்.”

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொன்னபோது அவர் கண்ணும் ஒரு தரம் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அந்த எண்களில் தன்னுடையதும் இருக்குமோ என்று அவரும் யோசித்திருப்பார். வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அதுதான் கடைசி வாய்தா.

யோசித்துப் பார். ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அது தெரியாது. தெரிந்தவர் சொன்னால் ஜெயில். அப்படியானால் நீதிமன்றத்துக்கு யார்தான் வர முடியும்? நீ இந்த வரைவை எழுதிய காலத்தில் நமக்குச் சண்டை. ஒரே ஒரு தரம் எனக்கு அனுப்பியிருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். நீ அனுப்பவில்லை, நானும் வந்து கேட்கவில்லை.

பொறியாளரின் மனைவி தினமும் நம் அறைக்கு வருகிறார். பள்ளிக்கூட டீச்சர். பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் திருத்துவதை நிறுத்திவிடுகிறார். கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். நேற்று முன்தினம் வேறு ஒரு ஊரில் கால்வாயில் யாரோ கிடந்தார்கள் என்று தகவல் வந்து, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது அவர் இல்லை. அவர் இல்லை என்று சந்தோஷப்படக்கூட அந்த அம்மாவுக்குத் தெம்பு இல்லை. வந்து பேப்பர் கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருக்கிறார் என்றுதான் நானும் நம்புகிறேன். நாள் போகப் போக நம்பிக்கை குறைகிறது.

நான் உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. கெஞ்சிக் கேட்டது என் அக்கா, அதனால் தங்கையாக எரித்தேன். வக்கீலாக என் கையில் இனி எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முழங்காலுக்கு ஒரு தைலம் குமாஸ்தா அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

தங்கை

*

மார்ச் 18, புதன்

வாயாடி,

இந்த உறையில் இரண்டு தாள் இருக்கிறது. முதல் தாள் அமைச்சக முத்திரைத் தாள். என் முழுப் பெயரும், பதவியும், பச்சை மையில் கையெழுத்தும் இருக்கின்றன. உன் எண்ணை ஒட்டுக்கேட்க ஆணை பிறப்பித்தது நான் என்றும், ஆணையின் தேதி இன்னது என்றும், மூன்றாம் தேதி உள்துறைச் செயலாளர் என்னிடம் கேட்ட கேள்வி எது, நான் சொன்ன பதில் எது என்றும் வரிசையாக எழுதியிருக்கிறேன். பதினேழாம் பிரிவின்படி இதை வெளியிடுவது குற்றம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிறகு யாரும் எனக்காக வாதாட வேண்டாம். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆணையின் நகலும் பின்னால் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அவர்களால் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. உன் போன் கேட்கப்பட்டது, வீடு அதனால் தெரிந்தது, வீட்டில் இருந்தவரைக் காணோம். நீதிபதிக்கு இந்த மூன்றும் போதும்.

இரண்டாவது தாள் நீ படித்துக்கொண்டிருக்கும் இது. இதைத் தாக்கல் செய்யாதே.

உன் கடிதத்தைத் திங்கள் இரவே படித்துவிட்டேன். நேற்று முழுக்க எதுவும் எழுதவில்லை. இன்று காலையில் வழக்கம்போல ஆணைக் கட்டு வந்தது. முதல் எண்ணைப் பார்த்தேன். இது யாருடைய அக்காவோ, யாருடைய தங்கையோ என்று உட்கார்ந்துவிட்டேன். கட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். ஏன் திரும்பி வந்தது என்று அரை மணி நேரத்தில் செயலாளரிடமிருந்து கேள்வி வந்தது. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். நாளைக்கும் தலைவலி என்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும். அதனால் எனக்கும் நாள் அதிகம் இல்லை.

வீரமெல்லாம் ஒன்றும் இல்லை வாயாடி. போன வாரம் எரிக்கச் சொன்னவளும் நான்தான். ஜெயிலுக்குப் பயம். அங்கே தனியாகத் தூங்க வேண்டுமே என்று சின்னப் பிள்ளைபோல ஒரு பயம். அதைவிட, ஜெயிலுக்கே அனுப்பாமல் அந்தப் பொறியாளருக்குச் செய்ததை எனக்கும் செய்துவிட்டால் என்று ஒரு பயம். அப்படி ஆனால் நீ எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்னைத் தேடுவாய்? யோசித்துப் பார்த்தால், ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி இது நீதிமன்றத்தில் ஏறிவிட்டால்தான் எனக்கும் பாதுகாப்பு. இப்படியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். அலுவலகத்துக்கு எப்போதும் போகிற நேரத்துக்கே போய்விடுவேன். வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனால் அம்மா பார்ப்பாள், அது வேண்டாம். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்றாள். தாக்கல் செய்துவிட்டு நீ நேராக இங்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார். டிவியில் அவளாகப் பார்க்கும்படி விட்டுவிடாதே.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு ‘நிஜமாகவே செய்யட்டுமா’ என்று கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பயமாக இருக்கிறது. கேட்காமல் தாக்கல் செய்துவிடு.

அக்கா